மிளகும் வேலைக்குப் போகிறாள்

அத்தியாயம் 9

குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சல் என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது. பல் வருகிறது. சிணுங்கலும் எச்சிலுமாக விடிந்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் மிளகை அண்ணிகிட்ட விட்டுட்டு வரேங்க," என்றாள் அவள்.

கணவன் கண்ணாடி முன் நின்று புதுச் சட்டையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "அக்காகிட்டயா? எந்த மூஞ்சியோட போவே?"

கேள்வி நியாயமானதுதான். அந்த மூஞ்சியைக் கெடுத்தவன் அவன் என்பதுதான் வேடிக்கை. அவளுடைய பிரசவ விடுப்பு முடிந்தபோது, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டவள் அவனுடைய அக்கா. 'மிளகு' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவள்தான். அவ்வளவு சின்னது, அவ்வளவு காரம். இரண்டு மாதத்துக்கு முன், கணவனும் மனைவியும் வேலை பார்க்கும் கம்பெனியில் 'குழந்தையோடு வேலைக்கு வரலாம்' என்று திட்டம் வந்தது. வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் அக்காவிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போய், "இனிமே எல்லா நாளும் ஆபீஸ்தான். நீ ரெஸ்ட் எடுத்துக்கோக்கா," என்றான். அக்கா தன்னிடமிருந்த அவர்கள் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மூஞ்சியைப் பற்றிக் கவலைப்படாமல் மிளகின் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, அண்ணி குடியிருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

அண்ணி வெளியே கிளம்பத் தயாராக, கைப்பையோடு கதவைத் திறந்தாள்.

"வாம்மா. மாடிப்படி இறங்கி வர்றதுக்கு இத்தனை நாளாச்சா? படி உடைஞ்சு கிடந்துச்சோ?"

மிளகு அதற்குள் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அண்ணி புறங்கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். குரல் மாறிவிட்டது.

"சுடுதே. பல்லுதான். இந்த உடம்போட இவளை ஆபீஸுக்கா தூக்கிட்டுப் போறே?"

"அதுக்குத்தான் அண்ணி வந்தேன்."

அண்ணி கைப்பையைப் பார்த்தாள். "பழைய கடையில இன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க. திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேக்கணும்." கைப்பையை ஆணியில் மாட்டினாள். "பரவாயில்ல, குடு. நாளைக்கு வரேன்னு சொல்லிக்கறேன்."

அவள் குழந்தையைக் கொடுக்கும் முன் பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கணவன்.

"வேண்டாம்க்கா. நீ கடைக்குப் போ. மிளகு இன்னிக்கு ஆபீஸ்ல இருந்தே ஆகணும்."

"ஏன்டா, இவளுக்கும் மீட்டிங் இருக்கா?"

அவன் சிரித்தான். "தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. இந்தத் திட்டம் எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்கு."

"அப்ப ஒரு பொம்மையை வாங்கிட்டுப் போய் உக்கார வெய்யி. அதுக்குப் பல்லு வலிக்காது."

*

வீட்டு மெஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனி அது. அவள் உட்கார்ந்திருப்பது புகார்ப் பிரிவில். சொன்ன நாளில் ஆள் வரவில்லை, வந்தவர் சரி செய்யவில்லை, சரி செய்தது இரண்டு நாளில் மறுபடி நின்றுவிட்டது. இப்படிப்பட்டவர்கள் கூப்பிடும் இடம். கணவனுக்கு மேல் மாடியில் வேலை. பதிவான பேச்சுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது. யார் பொறுமையாகப் பேசினார்கள், யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள் என்று நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டோடு இருப்பான். வீட்டுக்கு வந்தால் டிவி சத்தம்கூட அவனுக்கு ஆகாது.

குழந்தைகளுக்கு முதலில் தாழ்வாரக் கடைசியில் ஒரு கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள். பிறகு நீலப் பாயையும் பொம்மைகளையும் அங்கிருந்து எடுத்து, தாய்மார்கள் உட்காரும் நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே விரித்தார்கள். "பிள்ளை கண்ணெதிர்ல இருந்தாத்தானே தாய்க்கு நிம்மதி," என்றாள் சூப்பர்வைசர். வகுப்பெடுப்பது போலவே பேசுவதால் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர். அந்த வாரமே பழைய ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்தார்கள். பழையது சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டிவிடும். புதியது வடிகட்டாது. விலை குறைந்ததை வாங்கியிருப்பார்கள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

முதல் அழைப்பே இடி.

"ஏம்மா, உங்க ஆளு ரிப்பேர் பண்ணிட்டுப் போனதிலேர்ந்து என் வாஷிங் மெஷின் நடக்குதும்மா! குளியலறையில வெச்சது ஹாலுக்கு வந்து நிக்குது. நாளைக்குத் தெருவைத் தாண்டிப் போயிடும்போல. உங்க மேனேஜரைக் கூப்பிடு! இப்பவே கூப்பிடு!"

பாயில் மிளகு ஒரு மரக்கட்டையை ஈறில் வைத்து அழுத்தியபடி "த்தா... த்தா..." என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"யாரும்மா அது?"

"என் பொண்ணு சார். மன்னிச்சுக்கங்க."

"ஆபீஸ்லயா? நல்லாயிருக்கே. என்ன வயசு?"

"பத்து மாசம் சார். பல்லு வருது."

"ஐயோ, பாவம். சரி விடு. உன்னைச் சொல்லி என்ன பண்றது? ஆளை அடுத்த வாரம் அனுப்பினாலும் போதும். அதுவரைக்கும் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டி வெச்சுக்கறேன்."

இது மாதிரி தினமும் நடக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். எரிந்து விழுகிறவர்களுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று அவள் நம்பினாள். கணவன் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

பக்கத்து நாற்காலியில் 'ரெட்டைக்காரி'. இரட்டைப் பையன்களின் தாய். இன்று தனியாக வந்திருந்தாள். இரண்டுக்கும் வயிறு சரியில்லை, வீட்டில் அப்பாவிடம் விட்டிருந்தாள். மதிய உணவுக்கு முன்பே அவள் நாற்காலியில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னிக்கு என்ன யோகமோ தெரியல. ஒருத்தர்கூட கத்தல. ஒருத்தர் அட்ரஸ் மாத்தணும்னார். இன்னொருத்தர் நன்றி சொல்லக் கூப்பிட்டாராம். நன்றி! நான் தப்பான கம்பெனிக்குக் கூப்பிட்டுட்டீங்கன்னு சொல்லப் போயிட்டேன்."

"உன் பங்கும் சேத்து எனக்குத்தான் வருது," என்றாள் அவள். "காலையிலேர்ந்து சாதாரணமாப் பேசின ஆளு ஒருத்தர்கூட இல்ல."

"நேத்து எனக்கும் அப்படித்தான். காதுல ரத்தம் வராத குறை."

"நேத்து பசங்க இருந்தாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் நீலப் பாயைப் பார்த்தார்கள். மிளகு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். முகவாயில் எச்சில் வழிந்தது.

ரெட்டைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "போன மாசமும் பசங்களை விட்டுட்டு வந்தேன்ல, ரெண்டு மூணு நாள்? அப்பவும் லீவு மாதிரிதான் இருந்துச்சு. நான் என்னமோ நல்ல நேரம்னு நினைச்சேன்."

*

அவள் போய்க் கேட்டபோது டீச்சர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வருகிறவர்களுக்காக ஜன்னல் ஓரத்துச் செடிகளை நேராக வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆமா. ரொம்பச் சூடா வர்ற கால் எல்லாம் உங்க ரெண்டு நாற்காலிக்குத்தான் திருப்பி விடறோம். குழந்தை சத்தம் கேட்டா பாதிப் பேர் அடங்கிடறாங்க. மேனேஜரைக் கூப்பிடுன்னு கேக்கறது குறைஞ்சிருக்கு. பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேக்கறது குறைஞ்சிருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"குழந்தை இல்லாத அன்னிக்கு?"

"சாதாரண கால். அதுதானே நியாயம்?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

டீச்சர் செடியை விட்டு நிமிர்ந்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு குழப்பம்.

"உனக்குத் தெரியாதா? மீட்டிங்ல இந்த யோசனையைச் சொன்னதே உன் வீட்டுக்காரர்தானேம்மா? வீட்டுல பேசிக்கிட்டிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்."

*

மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்புக் கருவி மாட்டிய சுவரோரம் அவன் நின்றான். அவள் மிளகை இடுப்பில் வைத்திருந்தாள். மேலும் கீழும் ஆட்கள் போய்வந்ததால் இருவரும் மெதுவாகவே பேச வேண்டியிருந்தது.

"அந்த மீட்டிங்ல என்ன சொன்னீங்க? நீங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

அவன் படிக் கைப்பிடியைத் தேய்த்தான். "ஒரு ஆளு. கெட்ட வார்த்தையாவே பேசிட்டு வந்தான். நீதான் பேசிக்கிட்டிருந்தே. கேக்கக் கேக்க எனக்கு அடிவயிறு எரிஞ்சுது. அன்னிக்கு நம்ம மிளகு உன் மடியில இருந்தா, திடீர்னு உன் மைக்குக்கிட்டயே ஒரு சத்தம் குடுத்தா. அவன் பேச்சு அப்படியே நின்னு போச்சு. மன்னிப்புக் கேட்டான். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பெருமையா இருந்துச்சு. அதைத்தான் மீட்டிங்ல போட்டுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்களே பாயை மாத்தினாங்க, ஹெட்செட்டை மாத்தினாங்க. நான் மாத்தச் சொல்லல."

"மாத்தினது தெரியும்ல?"

அவன் புதுச் சட்டையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"தினம் ராத்திரி வந்து நான் சொல்லிட்டிருந்தேனே. அந்தாளு அப்படி இரக்கப்பட்டாரு, இந்தம்மா இப்படிக் கேட்டாங்கன்னு. பைத்தியக்காரி மாதிரி. கேட்டுட்டுத் தலையாட்டினீங்களே."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு," என்றான் அவன். இப்போது அவன் குரலிலும் சூடு ஏறியது. "இந்தத் திட்டத்தையே எடுத்துடறதா இருந்தாங்க. வேலை கெடுது, செலவு வேறன்னாங்க. நான் அதைப் போட்டுக் காட்டலன்னா மிளகு இன்னிக்கு உன் பக்கத்துல இருப்பாளா? யாராவது அவளை அடிச்சாங்களா? திட்டினாங்களா? அவ பாட்டுக்கு விளையாடறா. அது கேக்குது. அவ்வளவுதானே?"

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது.

"உங்களுக்கு என்ன குடுக்கறாங்க?"

"என்ன?"

"புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறீங்களே. என்ன குடுக்கறாங்க?"

"பிரிவுக்குத் தலைவராப் போடலாம்னு ஒரு பேச்சு இருக்கு," என்றான் தரையைப் பார்த்து. "நமக்குத்தானே?"

மிளகு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

*

எழுந்து போய்விடலாம். அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. போனால் நாளைக்கு? வேலை வேண்டும். வேலை வேண்டுமென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் இந்நேரம் தன் பழைய கடையில், தான் விட்டுவந்த நாற்காலியைத் திருப்பிக் கேட்டு நின்றுகொண்டிருப்பாள்.

வந்தவர்கள் மூன்று பேர். பாய்க்கு முன் குனிந்து மிளகின் கன்னத்தைத் தட்டினார்கள். "அழகு," என்றார் ஒருவர். பிறகு மேலே போனார்கள். டீச்சர் அவள் காதருகே வந்தாள். "மேலே ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பாங்க. உன் வீட்டுக்காரர்தான் போட்டுக் காட்டறார். எப்பவும் போல பேசு."

மிளகுக்கு இப்போது சூடு ஏறியிருந்தது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே சுருதியில் முனகினாள். அழைப்பு வந்ததும் அவள் மறுமுனைக்குத் தன் பக்கத்துச் சத்தம் கேட்காதபடி ம்யூட் பொத்தானை அழுத்தினாள். பேசும்போது மட்டும் விட்டாள், உடனே மறுபடி அழுத்தினாள். கூப்பிட்டவர் கடைசிவரை கத்தித் தீர்த்தார். அடுத்தவரும் அப்படியே.

டீச்சர் பின்னால் வந்து நின்றாள். "ம்யூட் போடாதே."

"குழந்தைக்கு முடியல மேடம்."

"அதனாலதான் சொல்றேன். போடாதே."

அடுத்து வந்தது ஒரு பெண்குரல். நடுத்தர வயது இருக்கும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தது போலிருந்தது.

"இதோ பாரும்மா, இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு சொல்றீங்க. என் மாமனார் படுத்த படுக்கையா இருக்கார். ஒரு நாளைக்கு எத்தனை துணி, எத்தனை விரிப்பு தெரியுமா உங்களுக்கு? கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. இன்னிக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும். நான் விட மாட்டேன். உங்களுக்கு மேல யாரு இருக்காங்களோ அவங்களைக் குடு."

மிளகு அழுதாள். முனகல் உடைந்து, வாய்விட்டு.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "குழந்தையா? ஏன் அழறா?"

"பல்லு வருதுங்க. கொஞ்சம் சுடுது."

"அடடா. வேலைக்கும் தூக்கிட்டு வந்துட்டியா? உனக்கும் பாத்துக்க ஆளில்லையா?" அந்தக் குரலிலிருந்து விறைப்பு இறங்கிக்கொண்டே வந்தது. "சரிம்மா. நீ முதல்ல அவளைத் தூக்கு. எனக்கென்ன, இத்தனை நாள் கையால தோச்சவதானே. இன்னும் ஒரு வாரம்..."

"வேண்டாங்க," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"நீங்க விட்டுக் குடுக்காதீங்க. என் குழந்தையை இங்க உக்கார வெச்சிருக்கறதே நீங்க இப்படி அடங்கிப் போகணும்னுதான். கோவமா வர்ற கால் எல்லாம் எனக்குத்தான் அனுப்புவாங்க. உங்க புகார் நியாயமானது. கத்துங்க. நான் மேல இருக்கறவங்களுக்குப் போட்டுத் தரேன், அவங்ககிட்டயும் கத்துங்க."

பக்கத்து நாற்காலியில் ரெட்டைக்காரியின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

"கத்தணும்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தாம்மா போன் பண்ணேன்," என்றாள் அந்தப் பெண். "என்ன சொல்லணும்னு காலையிலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். இப்ப தெம்பு போயிடுச்சு. குழந்தை அழறப்ப எப்படிம்மா..."

இணைப்பு அறுந்தது.

அவள் அறுக்கவில்லை. அந்தப் பெண்ணும் அறுத்திருக்க மாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வெட்டிவிடும் வசதி மேலே ஒரே ஒரு மேசையில்தான் இருக்கிறது, கணவனுடைய மேசையில்.

டீச்சர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். வந்தவர்கள் காதில் விழக்கூடாது என்பதால் திட்டவும் இல்லை. "நீ எழுந்திரு. உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேன். அவங்க இன்னும் நாலு கால் கேக்கணுமாம்." ரெட்டைக்காரியின் பக்கமாகப் பாயை இழுத்தாள். "குழந்தை இருக்கட்டும்."

ரெட்டைக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கணவன் வந்து நின்றான். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் அவள்.

அவன் டீச்சரைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். பாயில் அழுதுகொண்டிருந்த மிளகைத்தான் பார்க்கவில்லை.

"ஒரு மணி நேரம்தானே," என்றான். "அவங்க கிளம்பினதும் நானே தூக்கிட்டு வந்துடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

"நீ இனிமே இவளைத் தூக்காதே," என்றாள்.

*

பஸ் நிறுத்தத்தில் வெயில் இருந்தது, நிழல் இல்லை. மிளகு அவள் தோளில் முகத்தைத் தேய்த்து அழுதாள். தோள்பட்டை முழுக்க நனைந்து சூடாக இருந்தது. போன் அடித்தது. அவன்தான் என்று எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. அண்ணி.

"ஏம்மா, எடுத்துக்கிட்டாங்க!" அண்ணி இப்படி மூச்சு வாங்கப் பேசி அவள் கேட்டதே இல்லை. "நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. அதே கவுன்ட்டர், அதே ஸ்டூல். முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? நீ போனதிலேர்ந்து எல்லாருக்கும் கண்ணாடி மூக்குலேர்ந்து வழியுதுன்னாரு. தம்பிக்குப் போட்டேன், எடுக்கல. அதான் உனக்கு."

"நல்ல சேதி அண்ணி. ரொம்ப நல்ல சேதி."

மிளகு இன்னும் உரக்க அழுதாள்.

"என்னது, அழற சத்தம்?" அண்ணியின் குரல் தாழ்ந்தது. அந்த இறக்கம் அவளுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து யார் யார் தொண்டையிலோ கேட்டுவிட்டாள். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். இன்னும் ஒரு மூச்சு நேரம் இந்த அழுகை கேட்டால் போதும். நாளைக்கு வரலைன்னு சொல்லிடறேன் என்று அண்ணியே சொல்லிவிடுவாள். அவள் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை.

போனை மறு காதுக்கு மாற்றி, குழந்தையிடமிருந்து முகத்தைத் திருப்பி, உள்ளங்கையால் வாயருகே மறைத்துக்கொண்டாள்.

"அது வேற யாரோட குழந்தையோ அண்ணி. இங்கதான் நிறைய இருக்கே."

"மிளகு அழுகை எனக்குத் தெரியாதா? எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? ஏம்மா, நான் வேணும்னா..."

அவள் போனை அணைத்தாள்.